கோழிக்கொட்டிலில் ஒரு விடுமுறை

ஜனவரி மாதம் அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆறு உறைந்து கிடக்கும். அதன் கரையிலுள்ள விஸ்கான்சின் டெல்ஸ் என்ற சிற்றூரில் அப்போதும் குழந்தைகள் நீச்சலுடையில் ஓடிக்கொண்டிருப்பார்கள், கூரைக்கு உள்ளே. கிரேட் உல்ஃப் லாட்ஜ் என்ற விடுதித் தொடர் 1997இல் இந்த ஊரில்தான் முளைத்தது. இன்று வட அமெரிக்காவில் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் இருக்கிறது. நீர்விளையாட்டுக் கூடத்தில் ஆண்டு முழுவதும் 84 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கணக்கில் 29 டிகிரி செல்சியஸ். சிகாகோ பக்கம் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களும் நீண்ட வார இறுதி வந்தால் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்புகிற ஊர் இது.

இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தவை பாறைகள். பனியுகத்தின் முடிவில் பெரிய ஏரியொன்று உடைப்பெடுத்துப் பாய்ந்தபோது மணற்பாறையை அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்கின் பாறைகள் அவை. 1886இல் ஹெச்.ஹெச். பென்னட் என்ற உள்ளூர்ப் புகைப்படக்காரர், தன் மகன் ஒரு பாறையிலிருந்து தனித்து நிற்கும் இன்னொரு பாறைத் தூணுக்குத் தாவியதை, கால்கள் அந்தரத்தில் இருந்த கணத்திலேயே படமாக்கினார். இப்படிப்பட்ட படங்களைப் பார்த்துத்தான் மக்கள் ரயிலேறி வந்தார்கள். ஆனால் கோடை முடிந்தால் ஊர் ஓய்ந்துவிடும், விடுதிகள் காலி. 1994இல் பாலினீஷியன் என்ற விடுதி நீர்விளையாட்டைக் கூரைக்குள் கொண்டுவந்தது; மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். பனிக்காலத்துப் பிழைப்புக்கு வழி தேடியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அந்த ஏற்பாடு குடும்பத்தை என்ன செய்கிறது என்பதில்தான் என் வருத்தம். கையில் ஒரு பட்டை கட்டுகிறார்கள். அதுவே அறைச் சாவி, அதுவே பணப்பை. குளம், பீட்சா, விளையாட்டுக் கூடம், தூங்கப்போகும் நேரத்துக் கதை எல்லாம் ஒரே கட்டடத்துக்குள். வெளியே போகக் காரணமே இராதபடி அமைத்திருக்கிறார்கள்; வியாபாரத்தின் உயிர்நாடி அதில்தான் இருக்கிறது. பிள்ளை கேட்கிறது, கிடைக்கிறது, அடுத்ததைக் கேட்கிறது. பெற்றோருக்குப் பணம் கட்டுவதும் பிள்ளைக்குப் பின்னால் ஓடுவதும்தான் வேலை. பிள்ளைக்கோ எந்த வேலையும் இல்லை. இரண்டு இரவு ஒரே அறையில் தங்கியும், வீட்டில் ஒருவர் கை இன்னொருவருக்குத் தேவைப்படுவதே இல்லை.

அங்கிருந்து காரில் அரை மணி நேரத்துக்குள் வேறொரு விடுமுறை வீடு இருக்கிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வனவிலங்கு மேலாண்மைப் பேராசிரியராக இருந்த ஆல்டோ லியோபோல்ட் 1935இல் அதே ஆற்றங்கரையில் ஒரு பண்ணையை வாங்கினார். பயிர் வைத்துப் பயிர் வைத்துச் சத்தை உறிஞ்சிவிட்டுக் கைவிட்ட நிலம். நின்றிருந்த ஒரே கட்டடம் கோழிக்கொட்டில். உள்ளே எரு குவிந்து கிடந்தது. அவரும் மனைவியும் ஐந்து பிள்ளைகளுமாக அதை அள்ளிக் கொட்டி, கணப்பு கட்டி, அடுக்குக் கட்டில் செய்து, தங்குமிடமாக்கினார்கள். மின்சாரம் இல்லை. தண்ணீர் அடிபம்பில். கடைக்குட்டி எஸ்டெல்லாவுக்கு அப்போது எட்டு வயது. எட்டு வயதுக் கையும் தேவைப்பட்ட வீடு அது. வசந்தம்தோறும் பைன் நாற்று நட்டார்கள். 1936 வறட்சியில் நட்டவற்றில் பெரும்பாலானவை கருகிப்போயின. அடுத்த ஆண்டு மறுபடி மண்வெட்டியோடு போனார்கள். இப்படி ஆயிரக்கணக்கில் நட்டார்கள். இன்று அங்கே பைன் காடு நிற்கிறது.

இன்னொரு வேலையும் இருந்தது: கவனிப்பது. எந்தப் பூ எந்தத் தேதியில் மலர்ந்தது, எந்தப் பறவை என்று வந்தது என்று லியோபோல்ட் விடாமல் குறித்துவந்தார். மகள் நீனா 1976இல் அந்த நிலத்துக்கே குடிவந்து அந்தக் குறிப்பைத் தொடர்ந்தார். இரண்டு காலக் குறிப்புகளையும் ஒப்பிட்டு, அவரும் தம்பி கார்லும் இன்னும் இருவரும் சேர்ந்து 1999இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பல மலர்ச்சிகளும் வருகைகளும் முன்கூட்டியே நிகழத் தொடங்கியிருந்தன. பருவநிலை மாற்றத்துக்கு அது சான்றானது. ஐந்து பிள்ளைகளில் மூவர் அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாடமியின் உறுப்பினர்களாக இருந்தார்கள். அதைக் கொட்டிலின் சாதனையாக நான் எழுத மாட்டேன். தகப்பன் பேராசிரியர் என்பதும் அதில் சேரும். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. கடைக்குட்டி எஸ்டெல்லா அந்த நாட்களைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டது 2016இல், தன் 89ஆம் வயதில்.

எல்லோருக்கும் ஆற்றங்கரை நிலம் கிடைக்காது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் மூன்று நாள் விடுப்பே அரிது; வெளியே பனி; கூட வரும் பாட்டிக்கு முழங்கால் வலி. கூரைக்குள் போகிறவர்களின் அலுப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் டெல்ஸுக்குப் பக்கத்திலேயே மிரர் லேக் மாநிலப் பூங்கா இருக்கிறது. விடுதியில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் பணத்துக்குள் காரோடு உள்ளே போய்வரலாம். உடல் இயலாதவர்கள் தங்குவதற்கென்றே ஒரு மரவீடு கூட அங்கே உண்டு. குளிர்காலத்திலும் பூங்கா திறந்தே இருக்கிறது. இரண்டு இரவு விடுதியில் தங்குகிறவர்கள் ஒரு காலையையாவது அதற்கு ஒதுக்கட்டும். வழியை வரைபடத்தில் பார்த்துச் சொல்வது, சுடுநீர்க் குடுவையைச் சுமப்பது, பனியில் பதிந்த கால்தடம் முயலுடையதா மானுடையதா என்று நோட்டில் குறிப்பது, இந்த மூன்றையும் பிள்ளையிடம் விட்டுவிட வேண்டும். அது வழி தவறினாலும் கொஞ்ச தூரம் கூடவே நடக்க வேண்டும்.