பாட்டு மலையேறியது, அறிவிப்பு ஏறவில்லை

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணிக்கு சுமார் 16 கிலோமீட்டர். விடியற்காலையில் போடித் தெருக்களில் நின்றால் ஏலத்தோட்டங்களுக்குக் கிளம்பும் ஜீப்புகளைப் பார்க்கலாம். உள்ளே பெரும்பாலும் பெண்கள், மடியில் தூக்குவாளி. மலைக்குப் போய் காய் எடுத்துவிட்டு இருட்டுகிற நேரத்தில்தான் வீடு வந்து சேர்வார்கள். இவர்களில் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்களும் உண்டு. ஒரு சபையின் பாட்டுப் புத்தகமும் ஆராதனை முறையும் வாராந்தர அறிவிப்பும் யாருக்காக என்று கேட்டால், இந்த ஜீப்பில் இருப்பவரை வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

லுத்தரன் சபை என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது தரங்கம்பாடி. 1706ல் சீகன்பால்க் வந்திறங்கிய ஊர். 1713ல் தமிழ் எழுத்துக்களோடு அச்சுக்கூடம் ஓடத் தொடங்கி, 1715ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு வெளிவந்த ஊர். மக்கள் தங்கள் சொந்த மொழியில் பாட வேண்டும் என்பது லுத்தர் 1524லேயே ஜெர்மனியில் பாட்டுப் புத்தகம் போட்டு ஆரம்பித்து வைத்த காரியம். அதையே இங்கேயும் செய்தார்கள். ஆனால் ராகம் மட்டும் ஜெர்மனியிலிருந்து வந்தது! அந்த மெட்டுக்குள் தமிழைத் திணித்தபோது குறில் நெடிலாக நீண்டது, நெடில் குறுகியது. "ஞானப்பாட்டு" பாடும் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சிரமம் தெரியும். பாப்ரிசியுஸ் போன்றவர்கள் எவ்வளவோ அழகாக மொழிபெயர்த்தார்கள், இருந்தாலும் அது புத்தகம் கையில் இருப்பவன் பாடுகிற பாட்டு.

எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் கிடைத்த பாட்டு வேறு இடத்திலிருந்து வந்தது. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார், 1774ல் பிறந்தவர், ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், சரபோஜி மன்னரின் தோழர். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று கீர்த்தனையாகவே எழுதினார். ஒருவர் சரணத்தைப் பாட, மற்றவர்கள் பல்லவியைத் திரும்பப் பாடினால் போதும். புத்தகமே வேண்டாம், ஒரு மாதத்தில் பாட்டு சபைக்கே மனப்பாடம்.

இதைத்தான் 1820களில் தஞ்சாவூருக்கு வந்த இளம் மிஷனரிகள் கோயிலுக்குள் வேண்டாம் என்றார்கள். சாஸ்திரியார் சும்மா இருக்கவில்லை, எழுதித் தள்ளினார். தமிழ்ப் பாட்டைத் தடுப்பது ஒரு கொடுமை, வேதத்தின் பழைய தமிழை மாற்றுவது ஒரு கொடுமை, விசேஷங்களில் பூ வைக்கக் கூடாது என்பது ஒரு கொடுமை. இதுவரை படிக்கிற எல்லோரும் அவர் பக்கம்தான் நிற்போம். ஆனால் அவருடைய பட்டியலில் நான்காவது ஒன்றும் உண்டு: சாதிகளை ஒன்றாக்கக் கட்டாயப்படுத்துவது! அதையும் அவர் கொடுமை என்றே எழுதினார்.

தமிழ் லுத்தரன் வரலாற்றைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் இந்த இடம் வந்ததும் பக்கத்தைத் திருப்பிவிடுவது வழக்கம். திருப்பக் கூடாது. 1733ல் ஆரோன் குருப்பட்டம் பெற்றார், இந்தியாவின் முதல் புரொட்டஸ்டண்ட் குரு. அதே காலத்தில் ராஜநாயக்கன் என்றொரு உபதேசியார் இருந்தார். தஞ்சாவூர் ராஜாவின் படையில் இருந்தவர், தஞ்சாவூர்ச் சீமையில் சபைகளை உண்டாக்கியவர். உழைப்பில் யாருக்கும் குறைந்தவரில்லை. ஆனால் அவர் பிறந்தது பறையர் குலத்தில். மற்ற சாதி விசுவாசிகள் அவர் கையிலிருந்து நற்கருணை வாங்க மாட்டார்கள் என்ற பயத்தில் கடைசிவரை அவருக்குக் குருப்பட்டம் கிடைக்கவில்லை. 19ம் நூற்றாண்டில் வந்த லைப்சிக் மிஷனும் சாதியை "சமூக வழக்கம்" என்று சொல்லிப் பொறுத்துக்கொண்டது. அதனாலேயே மற்ற மிஷன்களை விட்டு லைப்சிக் பக்கம் போனவர்களும் உண்டு. சபை வளர்ந்ததில் இந்தப் பங்கும் இருக்கிறது, மறைப்பதற்கில்லை.

சரி, இதற்கும் போடி மலைக்கும் என்ன சம்பந்தம்? போடிப் பக்கம் லுத்தரன்களின் வட்டாரம் அல்ல. மதுரைச் சீமையில் 1834 முதல் வேலை செய்தது அமெரிக்கன் மதுரை மிஷன். அந்தச் சபைகள் 1947ல் தென்னிந்தியத் திருச்சபைக்குள் வந்துவிட்டன. 1919ல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு தனியாகவே இருக்கிறது. ஆனால் பாட்டுக்கு இந்த எல்லையெல்லாம் தெரியாது. அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்பவர் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைத் தொகுத்து 1853ல் பாட்டுப் புத்தகமாகவே அச்சிட்டார். தஞ்சாவூர்க் கோயிலுக்குள் வேண்டாம் என்று தள்ளப்பட்ட பாட்டு, மதுரை, திண்டுக்கல் சபைகளின் சொத்தாகி, கூலி வேலைக்குப் போனவர்களின் வாயோடு மலையும் ஏறியது. சாதி கலக்கக் கூடாது என்று வாதாடியவரின் பாட்டை எல்லாச் சாதியும் ஒரே குரலில் பாடுவதைவிட அவருக்குச் சரியான பதிலை யாரும் எழுத முடியாது.

பாட்டின் கதை இப்படி. அறிவிப்பின் கதைதான் சரியில்லை.

அறிவிப்பு நேரம் என்றால் பாதிப்பேர் பைபிளை மூடி செருப்பைத் தேடும் நேரம் என்று ஆகிவிட்டது. ஆனால் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் கல்யாணம், போன மாதக் காணிக்கை எவ்வளவு, எதற்குச் செலவானது என்பதெல்லாம் அங்கேதான் வருகிறது. அறுப்பின் பண்டிகை ஏலமும் அதில்தான் வரும் (போடியில் ஏலம் என்றாலே வேறு ஏலம் ஞாபகம் வரும் என்பது தனி விஷயம்). இது தெரியாமல் ஒருவர் சபையின் அங்கத்தினர் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமே இல்லை. ராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்டது பாட்டு அல்ல. முன்னால் நின்று பேசுகிற, கொடுக்கிற, தீர்மானிக்கிற இடம்தான் மறுக்கப்பட்டது. இன்றைக்கும் பல சபைகளில் பின்வரிசைக்காரனுக்குப் பாட மட்டும்தான் அனுமதி.

இப்போது எல்லாம் வாட்ஸ்ஆப்பில் வருகிறதே என்பார்கள். வருகிறதுதான். குரங்கணிக்கு மேலே டாப் ஸ்டேஷன் வரைக்கும் ஒரு காலத்தில் தேயிலைப் பெட்டிகளை இறக்க ரோப்வே இருந்தது, சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயர் இன்னும் அந்த மலையில் நிற்கிறது. பெட்டிக்குப் பாதை போட்டவர்கள் ஆளுக்குப் போடவில்லை, ஆள் நடந்துதான் ஏறினான். செல்போன் சிக்னலும் மலைச்சரிவில் அப்படித்தான், எங்கே கிடைக்கும் எங்கே கிடைக்காது என்று சொல்ல முடியாது. போனும் பெரும்பாலும் மகன் கையில். அனுப்புகிற செய்தியோ பி.டி.எஃப்! ஐம்பது வயதுப் பெண் அதைத் திறந்து சிறிய எழுத்தில் படிப்பார் என்று எதிர்பார்ப்பது, புத்தகம் இருப்பவன் மட்டும் பாடட்டும் என்ற பழைய கதைதான்.

திரை வந்ததிலும் இதே கோளாறு. பழைய கீர்த்தனைப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகம், தாளம் அச்சிட்டிருக்கும். புரொஜெக்டரில் வரிகள் மட்டும் ஓடுகின்றன, ராகத்தின் பெயர் போயே போய்விட்டது. கீபோர்டுக்காரர் வாசிப்பதுதான் இனி ராகம். இளைஞர்கள் புதுப் பாட்டு பாடட்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, சாஸ்திரியாரும் ஒரு காலத்தில் புதுப் பாட்டுக்காரர்தானே. ஆனால் பல்லவி திரும்பத் திரும்ப வராத பாட்டை, திரையை எட்டிப் படிக்க முடியாதவர் எப்படிப் பிடித்துக்கொள்வார்?

செலவில்லாத வழி இருக்கிறது. ஞாயிறு அறிவிப்பை நிதானமாக, பேச்சுத் தமிழில் யாராவது இரண்டு நிமிடம் வாசித்துப் பதிவு செய்யலாம். மகன் போனில் வந்தாலும் காதால் கேட்கலாம், ஜீப்பில் ஒருவர் போட்டால் பத்துப் பேர் கேட்பார்கள். வாசிப்பவர் எப்போதும் செயலாளராகவே இருக்க வேண்டியதில்லை. தோட்ட வேலைக்குப் போகிற பெண்களில் ஒருவரே வாசிக்கலாம், வரவு செலவு உட்பட. கூடவே அடுத்த வாரப் பாட்டின் பல்லவியை, ராகத்தின் பெயரோடு, வயதானவர் ஒருவரைப் பாடச் சொல்லிச் சேர்த்துவிடலாம். பழைய ராகம் தெரிந்தவர்கள் ஒவ்வொரு சபையிலும் இரண்டு மூன்று பேர்தான் மிச்சம், அவர்களுக்கும் எழுபது தாண்டிவிட்டது.