'திரும்பி வந்துவிட்டார்கள்' என்னும் பொய்
(தி க்யூர் குழுவின் 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' தொகுப்பை முன்வைத்துச் சில மறுப்புகள்)

நெடுங்காலம் எழுதாதிருந்த ஒரு படைப்பாளி மீண்டும் எழுதத் தொடங்கினால், நம் விமர்சன உலகம் அவருக்குச் செய்யும் முதல் மரியாதை அப்புதிய படைப்பைப் படிக்காமலிருப்பதுதான். பழைய படைப்பை எடுத்து அருகில் வைத்து, உயரம் சரியாக இருக்கிறதா என்று அளந்து, 'பழைய ஆளே திரும்பி வந்துவிட்டார்' என்று அறிவித்துவிட்டால் வேலை முடிந்தது. இலக்கியத்தில் பலமுறை கண்டு சலித்த இக்காட்சியை, 2024 நவம்பர் 1 அன்று தி க்யூர் என்னும் ஆங்கிலேய ராக் இசைக்குழு 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' தொகுப்பை வெளியிட்டபோது இசை விமர்சனத்திலும் நாம் கண்டோம். பாராட்டுகள் மழையாகப் பொழிந்தன. அவற்றுள் மிகப் பலவும் ஒரே வாக்கியத்தின் மறுபதிப்புகளாக இருந்தன: '1989இல் வந்த டிஸின்டக்ரேஷனுக்குப் பின் இவர்களின் மிகச் சிறந்த தொகுப்பு இதுவே.'

இந்த வாக்கியத்தோடுதான் எமக்குப் பிணக்கு. தொகுப்பை நாம் குறைத்து மதிப்பதால் எழுந்த பிணக்கன்று இது. அந்தப் பாராட்டு அத்தொகுப்பைக் கேட்கவிடாமல் மறைக்கிறது என்பதே எமது குற்றச்சாட்டு.

அறியாதவர்களுக்காகச் சில செய்திகளைச் சொல்லிவிடுவோம். இங்கிலாந்தின் தென்பகுதியில் உள்ள க்ராலி என்ற சிறுநகரில் 1970களின் பிற்பகுதியில் உருவான குழு இது. அன்றிலிருந்து இன்றுவரை விலகாதிருக்கும் ஒரே உறுப்பினர் பாடகரும் கிட்டார் கலைஞருமான ராபர்ட் ஸ்மித். 1979இல் முதல் தொகுப்பு வந்தது. 1980, 1981, 1982 ஆகிய மூன்றாண்டுகளில் அடுத்தடுத்து வந்த 'செவன்டீன் செகண்ட்ஸ்', 'ஃபெய்த்', 'போர்னோகிராஃபி' ஆகியவை இருண்ட இசை என்று பின்னாளில் பெயர் பெற்ற ஒரு போக்குக்கு அடித்தளமிட்டன. 1989இல் 'டிஸின்டக்ரேஷன்'. 1992இல் 'விஷ்', பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் அது முதலிடம் பெற்றது. 2008இல் '4:13 ட்ரீம்'. அதன் பிறகு பதினாறு ஆண்டுகள் புதிய தொகுப்பு ஏதுமில்லை. 1959இல் பிறந்த ஸ்மித்துக்குப் புதிய தொகுப்பு வெளியானபோது வயது 65.

இந்தப் பதினாறாண்டு இடைவெளியைப் பலரும் ஒரு தவமாகவே வருணித்தார்கள். முதல் மறுப்பை இங்கே பதிவு செய்கிறோம். இக்காலம் முழுதும் இவர்கள் குகைக்குள் மறைந்திருக்கவில்லை, மேடையில்தான் இருந்தார்கள். 2018 ஜூலையில் லண்டன் ஹைட் பார்க்கில் நாற்பதாண்டு நிறைவைக் கொண்டாடினார்கள். 2019இல் சிட்னி ஆபரா ஹவுஸில் 'டிஸின்டக்ரேஷன்' தொகுப்பை முழுமையாக வாசித்தார்கள். அதாவது, பழைய பாடல்களை விற்று வாழும் அந்த வணிகத்துக்கு இவர்களும் அந்நியர்களல்லர். புதிய தொகுப்பு வருகிறது என்று ஸ்மித் 2019லேயே பேட்டிகளில் சொல்லத் தொடங்கிவிட்டார். சொன்ன காலத்தில் அது வரவில்லை. 2022 அக்டோபரில் லாட்வியத் தலைநகர் ரீகாவில் தொடங்கிய இசைப் பயணத்தில் புதிய பாடல்கள் ஒவ்வொன்றாக மேடையேறின. ஆகவே இத்தொகுப்பு வானத்திலிருந்து திடீரென்று விழுந்ததன்று. ரசிகர்களின் செவிமுன் ஈராண்டுகள் பழகிய பிறகே அது தட்டில் ஏறியது. இதை மறைத்துவிட்டு மௌனத்தை மகிமைப்படுத்துவது விளம்பரதாரரின் வேலை. விமர்சகருக்கு அங்கே என்ன வேலை?

மௌனத்துக்கென்று தனி மதிப்பு எதுவும் இல்லை. பிக்ஸீஸ் குழு 2004இல் மீண்டும் ஒன்றுசேர்ந்தது. அவர்களுடைய புதிய தொகுப்பு வந்ததோ 2014இல். இடைப்பட்ட பத்தாண்டுகளும் பழைய பாடல்களின் வருமானத்தில்தான் கழிந்தன. மை பிளடி வேலன்டைன் குழு 1991இல் வெளிவந்த 'லவ்லெஸ்' தொகுப்புக்கு அடுத்ததை 2013இல்தான் வெளியிட்டது. இவ்விரண்டு குழுக்களுக்கும் வாய்த்த இடைவெளி ஏறத்தாழ ஒரே அளவு நீண்டது. அவற்றிலிருந்து பிறந்த இசையோ ஒன்றுக்கொன்று தொடர்பற்றது. காத்திருந்த ஆண்டுகளின் எண்ணிக்கை ஒரு படைப்பைப் பற்றி எதையும் சொல்வதில்லை. காத்திருந்தவர்களைப் பற்றித்தான் அது சொல்கிறது. கல்லூரி விடுதியில் நகலெடுத்த குறுந்தகடுகளில் இக்குழுவைக் கேட்டுத் திரிந்த எம் போன்றோர், இன்று தலை நரைத்த நிலையில், திரும்பி வந்துவிட்டார்கள் என்று கூவும்போது உண்மையில் கேட்பது ஒன்றேதான்: எமது இருபது வயதைத் திருப்பித் தாருங்கள். இசைக்குழுவிடம் கேட்கத்தக்க பொருள்தானா அது?

இனி, தொகுப்புக்குள் செல்வோம். எட்டே பாடல்கள், ஐம்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. எட்டையும் ஸ்மித் தனியொருவராகவே எழுதியிருக்கிறார். 1985க்குப் பிறகு இப்போதுதான் இப்படி நேர்ந்திருக்கிறது. முதற்பாடலான 'அலோன்' ஏறத்தாழ ஏழு நிமிடங்கள். மூன்று நிமிடங்களுக்கு மேல் இசை மட்டுமே நகர்கிறது, பிறகுதான் குரல் வருகிறது. இறுதிப் பாடலான 'எண்ட்சாங்' பத்து நிமிடங்களைக் கடக்கிறது. அதில் ஆறு நிமிடங்கள் கழிந்த பிறகே பாடகர் வாய் திறக்கிறார். முப்பது விநாடியில் செவியைக் கவராவிட்டால் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடும் இன்றைய கேட்புப் பழக்கத்தின் நடுவே இது ஒரு முரட்டுத்தனமான முடிவு. நாம் இதை வரவேற்கிறோம். அந்த நிமிடங்களில் கேட்பவருக்கு ஒரு வேலை கொடுக்கப்படுகிறது. பேசவேண்டியவர் இன்னும் ஏன் பேசவில்லை என்ற கேள்வியோடு அவர் காத்திருக்கவேண்டும்.

'அலோன்' பாடலுக்குத் தூண்டுகோலாக அமைந்தது எர்னஸ்ட் டௌசன் என்ற ஆங்கிலக் கவிஞரின் 'ட்ரெக்ஸ்' என்னும் கவிதை என்று ஸ்மித்தே தெரிவித்திருக்கிறார். எமது வாதத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. டௌசன் 1900இல் இறந்தபோது அவருக்கு வயது 32. எல்லாம் முடிந்தது, கோப்பையின் அடியில் கசடே மிச்சம் என்ற உணர்வை அவர் எழுதியது முதுமையைக் காணாமலே. ஸ்மித்தும் அப்படித்தான் தொடங்கினார். முப்பது வயதை நெருங்குகிறோமே என்ற அச்சத்தில் எழுதப்பட்டதுதான் 'டிஸின்டக்ரேஷன்'. முப்பதை நெருங்கும் மனிதன் தன் அழிவைப் பற்றி எழுதுவது கற்பனை. வலிமையான, அழகான கற்பனையாகவே இருக்கலாம். அவன் இழப்பதற்கு இன்னும் எதையும் சேர்த்து வைத்திருக்கவில்லை. வருங்காலத்தின் பெயரில் துக்கத்தைக் கடன் வாங்குகிறான். அறுபத்தைந்து வயதில் அந்தக் கடன் வசூலுக்கு வந்து நிற்கிறது. பெற்றோரையும் அண்ணனையும் அடுத்தடுத்து இழந்த ஒருவர், இளமையில் தாம் நடித்துப் பார்த்த துக்கத்தின் சொற்களையே மீண்டும் எடுத்துப் பேச நேர்ந்திருக்கிறது. அதே குரல், அதே கிட்டார், அதே மெதுவான நடை. பொருள் மட்டும் முற்றிலும் வேறு. 'டிஸின்டக்ரேஷனுக்குப் பின் சிறந்தது' என்று சொல்கிறவர் இவ்விரண்டையும் ஒரே தராசில் வைக்கிறார். நாம் அந்தத் தராசையே மறுக்கிறோம்.

அண்ணன் ரிச்சர்டின் மறைவைப் பற்றிய 'ஐ கேன் நெவர் சே குட்பை' பாடலைக் கேளுங்கள். பியானோவில் எளிய சில சுரங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. சொற்கள் மிகக் குறைவு. அவற்றிலும் அணிநயம் இல்லை. இளமைக் காலத்து ஸ்மித்தாக இருந்தால் உருவகங்களை அடுக்கியிருப்பார். தமிழ் கற்பிக்கும் எமக்கு இவ்விடத்தில் புறத்திணையின் கையறுநிலைத் துறை நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை. கையறுநிலையில் பாடுகிறவர் சாவை வருணிப்பதில்லை. இறந்தவர் இருந்த இடம் இப்போது எப்படி இருக்கிறது என்பதைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார். செயலற்ற நிலையில் அதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை. எங்கோ இங்கிலாந்தில் ஒரு ராக் பாடகர் புறப்பாடல்களைப் படித்தார் என்று நாம் பெருமை கொண்டாட வரவில்லை. துக்கம் உண்மையாகும்போது மொழி சுருங்குகிறது என்ற பழைய அறிதல் எங்கும் செல்லுபடியாகிறது என்பதையே சுட்டுகிறோம்.

இவ்வளவு சொன்ன நாம் குறைகளை மறைத்தால் அதுவும் ஒரு ரசிகர்மன்ற அறிக்கையாகிவிடும். 'வார்சாங்' பாடலில் ஒலியின் அடர்த்தி பொருளின் அடர்த்திக்கு மாற்றாக நிறுத்தப்பட்டிருக்கிறது. 'ட்ரோன்:நோட்ரோன்' இத்தொகுப்பின் மனநிலைக்கு வெளியே எங்கிருந்தோ வந்து அமர்ந்ததுபோல் ஒலிக்கிறது. டிரம்ஸ் பல இடங்களில் தேவைக்கு மிஞ்சிய பாரத்தோடு இறங்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, 'விஷ்' தொகுப்பில் 'ஃப்ரைடே ஐ'ம் இன் லவ்' என்ற துள்ளலான பாடலை எழுதிய கை இதில் எங்கும் தென்படவில்லை. இருட்டும் குறும்பும் அருகருகே இருந்ததுதான் இக்குழுவை அதே காலத்து மற்ற இருண்ட குழுக்களிடமிருந்து பிரித்துக் காட்டியது. இங்கே பாதிதான் வந்திருக்கிறது. விந்தை என்னவென்றால், பல விமர்சகர்கள் இந்தப் பாதியையே முழுமை என்று கொண்டாடினார்கள். 'உண்மையான க்யூர் இதுதான்' என்றார்கள்.

ஏன் அப்படி? துக்கம் என்றால் ஆழம், மகிழ்ச்சி என்றால் மேலோட்டம் என்ற மூடநம்பிக்கைதான் காரணம். இந்நம்பிக்கை ராக் விமர்சகர்களுக்கு மட்டும் சொந்தமானதன்று. சிற்றிதழ் வாசகர்களாகிய நாமும் அதில் ஊறியவர்கள்தாம். சாவில் முடியும் சிறுகதைக்கு நாம் தரும் கூடுதல் மதிப்பெண்ணை, சிரிக்கவைக்கும் கதைக்கு என்றாவது தந்திருக்கிறோமா? 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' நல்ல தொகுப்பாவது அதன் துக்கத்தால் அன்று. அந்தத் துக்கத்துக்கு அது கண்டடைந்த வடிவத்தால்தான்: நீண்ட காத்திருப்பு, தாமதமாக வரும் குரல், சுருங்கிய சொல். வடிவம் தவறிய பாடல்களில் அதே துக்கம் வெறும் இரைச்சலாக நிற்பதே இதற்குச் சான்று.

மறுபுறம் இன்னொரு கூட்டம் உண்டு. ராக் இசை இளைஞர்களின் கலை, அறுபதைக் கடந்தவர்கள் மேடையை விட்டு இறங்கவேண்டும் என்பது அவர்களுடைய கட்சி. அவர்களுக்கும் எமது பதில் இதுவே. இளைஞன் எழுத முடியாத ஒரு பாட்டைக் கிழவர் எழுதியிருக்கிறார். வேறென்ன நியாயம் வேண்டும்? தொகுப்பு பிரிட்டனில் முதலிடம் பெற்றது, 1992க்குப் பிறகு முதல் முறையாக. இதை நாம் சான்றாகக் காட்டமாட்டோம். விற்பனை எதையும் நிரூபிப்பதில்லை. ஆனால் முதியவரின் புதிய சொல்லைக் கேட்க ஆளில்லை என்ற வாதம் அதோடு விழுந்துவிட்டது.

கடைசியாக ஒரு செய்தி. 2023ஆம் ஆண்டு அமெரிக்கப் பயணத்தில், கூட்டத்துக்கேற்ப நுழைவுச்சீட்டு விலையை ஏற்றும் முறையை இக்குழு ஏற்க மறுத்தது. சில அரங்குகளில் சீட்டின் விலையைவிடச் சேவைக் கட்டணம் மிகுந்திருந்ததைக் கண்டு ஸ்மித் பகிரங்கமாகச் சினந்தார். அதன் விளைவாக டிக்கெட் மாஸ்டர் நிறுவனம் மிகக் குறைந்த விலைச் சீட்டு வாங்கியவர்களுக்குப் பத்து டாலரும், மற்றவர்களுக்கு ஐந்து டாலரும் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. தொகை சிறிது. அதன் பின்னிருந்த நோக்கம் எமக்கு முக்கியமாகப்படுகிறது. ரசிகரின் ஏக்கத்தை ஏலத்தில் விடுவதில்லை என்பதே அது. வெளியீட்டு நாளன்று லண்டன் ட்ராக்ஸி அரங்கில் நடத்திய நிகழ்ச்சியையும் யூடியூபில் எவரும் இலவசமாகக் காணச் செய்தார்கள்.

பழம்நினைவை விற்க மறுத்த ஒருவரின் படைப்பை, பழம்நினைவின் பெயராலேயே பாராட்டுவது அவருக்குச் செய்யும் அவமரியாதை என்கிறோம். அவர் நம்மிடம் திரும்பி வரவில்லை. நாம் இளமையில் விட்டுவந்த அதே இடத்தில் அவர் நின்றுகொண்டிருக்கவும் இல்லை. பதினாறாண்டுகள் நடந்து வேறோர் ஊருக்குச் சென்றுவிட்டார், அங்கிருந்து பாடுகிறார். கேட்க விரும்புகிறவர் அவ்வூருக்குச் செல்லவேண்டும்.

இதை ஏற்காத நண்பர்கள் ஒருமுறை 'எண்ட்சாங்' பாடலை இடையில் நிறுத்தாமல், பழைய தொகுப்பு எதையும் அருகில் வைக்காமல், தனியே கேட்டுவிட்டு எம்மோடு வாதிட வருமாறு அழைக்கிறோம். அந்த ஆறு நிமிடங்கள் பொறுத்திருந்தவர்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளச் சித்தமாயிருக்கிறோம்.