யார் போட்ட தண்டவாளம்?

"வெள்ளைக்காரன் வேறு எது செய்தானோ இல்லையோ, இரயிலைக் கொடுத்துவிட்டுப் போனான், அதற்காவது நன்றி காட்டக் கூடாதா?" என்று கேட்கும் பெரிய மனிதர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். நன்றி காட்டுவதில் நமக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் பணம் கட்டியது யார், பலனை அள்ளியது யார் என்ற கணக்கை ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டுக் காட்டலாமே!

1853 ஏப்ரல் 16ஆம் நாள் பம்பாய் போரி பந்தரிலிருந்து தாணா வரை 21 மைல் தூரம் முதல் பயணி வண்டி ஓடிற்று. மூன்று இன்ஜின்கள், பதினான்கு பெட்டிகள், நானூறு விருந்தினர்கள், பீரங்கி முழக்கம்! 1856 ஜூலை 1இல் நமது இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னாட்டின் முதல் வண்டி புறப்பட்டது. இதெல்லாம் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. முதல் வண்டிக்கு நாலு ஆண்டு முன்பே, 1849இல், லண்டனில் எழுதப்பட்ட ஒப்பந்தத்தைப் பற்றித்தான் நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் இரண்டு இரயில்வே கம்பெனிகளுக்கும் ஏற்பட்ட ஒப்பந்தம் அது. நிலம் இனாம், 99 ஆண்டுக்கு. போட்ட முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வரை வட்டி உத்தரவாதம். வண்டி ஓடி லாபம் வந்தால் சரி. வராவிட்டால் குறைகிற தொகையை இந்திய அரசாங்க வருமானத்திலிருந்து எடுத்துக் கட்டுவது. அந்த வருமானம் எங்கிருந்து வந்தது? தஞ்சாவூர்க் குடியானவன் கட்டிய நிலவரியிலிருந்து, உப்பு வாங்கிய ஏழை கொடுத்த வரியிலிருந்து வந்தது. கஞ்சிக்கு உப்புப் போட்டவனெல்லாம் லண்டன் பங்குக்காரனுக்கு வட்டி கட்டினான் என்று சொன்னால் மிகையாகாது!

நஷ்டமே வராது என்று எழுதிக் கொடுத்துவிட்டால் சிக்கனம் எதற்கு? மைலுக்கு 8,000 பவுனில் முடியும் என்று டல்ஹௌசி காலத்தில் மதிப்பிட்ட பாதைக்கு அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் செலவாயிற்று. இது நமது குற்றச்சாட்டு மட்டுமல்ல. இந்திய அரசாங்கத்தின் நிதி மெம்பராக இருந்த மாஸ்ஸி என்ற வெள்ளைக்காரரே 1872இல் பார்லிமெண்டுக் குழு முன் சாட்சி சொன்னார்: ஐந்து விழுக்காடு உறுதி என்றபின், தன் பணம் செங்கல்லாகிறதா, ஹூக்ளி ஆற்றில் கொட்டப்படுகிறதா என்று ஆங்கில முதலாளிக்குக் கவலையே இல்லை என்று. லாபம் கம்பெனிக்கு, நஷ்டம் சர்க்காருக்கு என்பது என்ன நியாயம் என்று வைஸ்ராய் லாரன்சே 1869இல் எழுதினார். அதன் பிறகு சர்க்கார் தானே பாதை போடத் தொடங்கிற்று. அதிலும் சிக்கனம் என்று மீட்டர் கேஜ் கொண்டுவந்தார்கள். அகலப் பாதையும் மீட்டர் பாதையும் சந்திக்கும் ஜங்ஷன்களில் மூட்டையை இறக்கி ஏற்றிய கூலியாளின் முதுகுதான் அந்தச் சிக்கனத்தைச் சுமந்தது. மொத்தத்தில் இரயில்வே அரசாங்கத்துக்கு லாபம் காட்டத் தொடங்கியது 1900 வாக்கில்தான். முதல் வண்டி ஓடி அரை நூற்றாண்டு கழித்து!

எதற்காகப் போட்டார்கள் என்பதிலும் ஒளிவு மறைவு கிடையாது. பட்டாளத்தை விரைவாக நகர்த்துவது, பருத்தியைத் துறைமுகத்துக்குக் கொண்டு சேர்ப்பது, மாஞ்செஸ்டர் துணியை உள்நாட்டுச் சந்தைக்கு அனுப்புவது — டல்ஹௌசியின் 1853ஆம் ஆண்டுக் குறிப்பே சாட்சி. தண்டவாளம் வந்தால் தொழிற்சாலையும் பின்னால் வரும் என்று மார்க்ஸ் அதே ஆண்டில் எதிர்பார்த்தார். வரத்தான் செய்தது, ஆனால் எவ்வளவு நிதானமாக! 1865 முதல் 1941 வரை இந்தியாவில் செய்த இன்ஜின்கள் சுமார் 700. பிரிட்டனிலிருந்து இறக்கியவை சுமார் 12,000. செய்யத் தெரியாமலா? 1895இலேயே ஆஜ்மீர்ப் பட்டறையில் இன்ஜின் செய்து காட்டினார்கள் நம் தொழிலாளர்கள்.

அந்தத் தொழிலாளியைப் பற்றித்தான் ஏடுகள் வாய் திறப்பதில்லை. பம்பாய்க்கும் பூனாவுக்கும் நடுவே போர்காட் மலையில் இருபத்தைந்து சுரங்கங்கள் குடையப்பட்டன. ஒரு கட்டத்தில் நாற்பதாயிரம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள். காலராவில் மடிந்தவர்களுக்குக் கணக்கில்லை. கூலி பாக்கிக்காக 1859இல் அங்கே கலகமே மூண்டது. காண்ட்ராக்டர் டிரெட்வெல் அதே ஆண்டில் இறந்துபோக, அவர் மனைவி ஆலிஸ் பொறுப்பேற்று வேலையை முடித்ததைச் சரித்திரம் மரியாதையோடு குறித்து வைத்திருக்கிறது. அந்த அம்மையாருக்கு அது தகும். மலையைக் குடைந்த நாற்பதாயிரத்தில் ஒரு பெயராவது நமக்குத் தெரியுமா?

நம் பொன்மலைக்கு வருவோம். நாகப்பட்டினத்துப் பட்டறையைப் பொன்மலைக்கு மாற்றிய கையோடு ஆட்குறைப்பு வந்தது. 1928 ஜூலையில் தென்னிந்திய இரயில்வே முழுவதும் வேலைநிறுத்தம் மூண்டது. கிழவர் சிங்காரவேலருக்குப் பத்தாண்டுத் தண்டனை என்று தீர்ப்பாயிற்று, மேல்முறையீட்டில்தான் குறைந்தது. 1946 செப்டம்பர் 5இல் அதே பொன்மலையில் மலபார் ஸ்பெஷல் போலீஸ் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் பிணமானார்கள். சுதந்திரம் வர ஓராண்டுகூட இல்லை!

கம்பெனிகள் தாமாக மனம் திருந்திப் போய்விடவில்லை. இரயில்வேயை அரசு நடத்துவதா, கம்பெனியா என்று 1921இல் அக்வொர்த் கமிட்டி இரண்டாகப் பிரிந்தபோது, தலைவர் அக்வொர்த் அரசின் பக்கம் நின்றார். 1925இல் தொடங்கி 1944க்குள் பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாக அரசின் கைக்கு வந்தன. 1951 ஏப்ரல் 14இல் மூன்று இரயில்வேக்களை இணைத்துத் தெற்கு இரயில்வே பிறந்தது. சித்தரஞ்சனில் இன்ஜின், பெரம்பூரில் பெட்டி என்று எழுபதாண்டுக்கு மேல் வளர்ந்த சொத்து இது. குறை இல்லாமலா? எட்டு மணி நேர வேலை கேட்டு 1974 மே மாதம் இருபது நாள் நின்ற தொழிலாளியை ஆயிரக்கணக்கில் சிறையிலடைத்ததும் இதே அரசு இரயில்வேதான். அதை மறைத்துவிட்டு அரசுடைமைக்கு வக்காலத்து வாங்க நாம் தயாரில்லை.

ஆனால் 1849ஐ மறந்தவர்கள் மீண்டும் கதவைத் திறக்கும்போது சும்மா இருக்க முடியுமா? 2020இல், 109 வழித்தடங்களில் 151 வண்டிகளைத் தனியாருக்கு விட டெண்டர் அழைத்தார்கள். 35 ஆண்டுக் குத்தகை. கட்டணத்தை அவர்களே நிர்ணயிக்கலாம். தண்டவாளமும் சிக்னலும் பொதுமக்களுடையவை. வண்டியை ஓட்டுபவரும் இரயில்வே ஊழியர். வட்டி உத்தரவாதம் இந்தத் தடவை இல்லைதான். இல்லாததால் என்ன நடந்தது? 2021இல் பன்னிரண்டு தொகுப்புகளில் மூன்றுக்கு மட்டுமே கேள்வி வந்தது. கேட்ட நிறுவனங்கள் இரண்டே இரண்டு, அதில் ஒன்று அரசின் சொந்த ஐ.ஆர்.சி.டி.சி.! டெண்டர் கைவிடப்பட்டது.

அதே 2021 ஆகஸ்டில் இன்னொரு பட்டியல் வந்தது. 400 நிலையங்கள், 90 பயணி வண்டிகள், சரக்குக் கொட்டகைகள், விளையாட்டு மைதானங்கள் என்று ஒரு லட்சத்து 52 ஆயிரம் கோடி ரூபாய்க்குப் பணமாக்கத் திட்டம். மலை இரயில்கள் நான்கும் அதில் இருந்தன. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் நம் நீலகிரி வண்டி அவற்றில் ஒன்று.