சிலம்பு வழக்கும் கடைசிப் பாடமும்

திருமங்கலத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணிதம் எடுத்தவள் நான். தர்க்கவியல் புத்தகத்தின் கடைசிப் பாடத்தில் வருகிறது. திருப்புதல் தேர்வு நெருக்கும் நேரத்தில், மெய் அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொல்லியே பல வருடம் கடந்துவிட்டேன். அது தவறு.

ஒரு வருடம் பி, கியூ எழுத்துகளை விட்டுவிட்டுப் பாண்டியன் அவையைக் கரும்பலகைக்குக் கொண்டுவந்தேன். அரசியின் சிலம்பு என்றால் உள்ளே முத்து இருக்கும். உடைத்தால் மாணிக்கம் தெறிக்கிறது. ஆகவே அது அரசியின் சிலம்பு அல்ல. கண்ணகியின் வாதத்தில் ஓட்டையே இல்லை. அரசன் நம்பியதோ வேறு: களவாடியவன் கையில் சிலம்பு இருக்கும், இவன் கையில் சிலம்பு இருக்கிறது, ஆகவே இவனே கள்வன். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்து ஒருவனை விரட்டும்போதும் இதே பிழைதான் நடக்கிறது. புகை இருந்தால் நெருப்பு உண்டு. நெருப்பு இருந்தால் புகை இருந்தாக வேண்டுமா? தெருமுனை இஸ்திரி வண்டியில் கரி கனன்றுகொண்டுதானே இருக்கிறது!

புகையும் நெருப்பும் மதுரைக்குப் புதிதல்ல. கூலவாணிகன் சாத்தனார் மணிமேகலையில் பக்கம், ஏது, திட்டாந்தம் என்று அனுமானத்தை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, போலிகளையும் வகைப்படுத்தியிருக்கிறார். உ.வே.சா. 1898-இல் பதிப்பித்த நூல் அது.

பிறகு கணினி அறைக்குப் போனோம். 1972-இல் பிரான்சின் மார்செய் நகரில் பிறந்த புரோலாக் மொழியில் 'இதைச் செய், அதைச் செய்' என்று வரிசையாகக் கட்டளையிடுவதில்லை. உண்மைகளையும் விதிகளையும் எழுதிவிட்டுக் கேள்வி கேட்க வேண்டும். பிள்ளைகள் எழுதினார்கள்: கோவலனிடம் ஒரு சிலம்பு இருக்கிறது, அரசியின் சிலம்பை வைத்திருப்பவன் கள்வன். கோவலன் கள்வனா? 'இல்லை' என்றது கணினி.

"அப்ப அவன் நிரபராதின்னு அதுக்குத் தெரியுமா டீச்சர்?" என்றாள் ஒருத்தி.

தெரியாது. கொடுத்த தகவலிலிருந்து நிறுவ முடியவில்லை என்பதுதான் அந்த 'இல்லை'. இந்த வித்தியாசத்தைப் பேசவே இரண்டு பாடவேளை போனது. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

பைத்தான் படிக்கப் பிள்ளைகளை மதுரைக்கு பஸ் ஏற்றிவிடுகிறோம், படிக்கட்டும். அதற்கு முன்னால் பாடநூல் குழு தர்க்கவியலைக் கடைசியிலிருந்து எடுத்து ஜூன் மாதத்தில் வைக்க வேண்டும். தமிழாசிரியரும் கணித ஆசிரியரும் ஒரே வகுப்பில் சேர்ந்து நிற்கலாம். முதல் வாரத்துக்குச் சிலம்பு வழக்கு ஒன்றே போதும்.