இறக்கி வைக்கக் கற்றல்

தமிழகத்தின் பழைய நடைவழிகள் சிலவற்றில் இன்றும் சுமைதாங்கிக் கற்கள் நிற்கின்றன. நட்டு நிறுத்திய இரண்டு கற்கள், அவற்றின்மேல் கிடத்திய நீண்ட கல் ஒன்று. அவ்வளவே அதன் அமைப்பு. தலைச்சுமையோடு நெடுந்தொலைவு நடந்து வந்தவர், குனியாமலும் பிறர் கையை எதிர்பாராமலும், தம் சுமையை அக்கல்லின்மேல் நகர்த்தி வைத்து இளைப்பாறுவார். களைப்பு நீங்கியபின் சுமையை மீண்டும் தலைக்கு ஏற்றிக்கொண்டு நடையைத் தொடர்வார். கருவுற்ற நிலையில் உயிர்நீத்த பெண்களின் நினைவாக இக்கற்களை நட்டு வைக்கும் வழக்கம் இருந்தது. அவற்றை நட்டவர்கள் ஓர் உண்மையை அறிந்திருந்தனர். நெடுவழி நடப்பவருக்கு வலிமை மட்டும் போதாது. இறக்கி வைக்க இடமும் வேண்டும்.

யோகப் பயிற்சியின் நிறைவில் செய்யப்படும் சவாசனம் அத்தகைய ஒரு சுமைதாங்கியே. சில நிமிடங்கள் அசைவின்றிக் கிடக்கும் அந்நிலை, உடலுக்கு ஓய்வு தருவதோடு நின்றுவிடுவதில்லை. வாழ்வுக்குத் தேவையான சில பாடங்களையும் ஓசையின்றிக் கற்பிக்கிறது.

கிடத்தலும் ஓர் ஆசனம்

சவாசனத்தின் செய்முறை மிக எளியது. மல்லாந்து படுத்து, கால்களைச் சற்றே அகற்றி, கைகளை உடலிலிருந்து சிறிது விலக்கி, உள்ளங்கைகள் மேல்நோக்கி இருக்குமாறு வைத்து, கண்களை மூடிக்கொள்ள வேண்டும். மூச்சு தன் இயல்பில் நிகழ, கவனம் கால்விரல்களில் தொடங்கி உச்சந்தலைவரை மெல்ல நகரும். வளைத்தல், முறுக்கல், தாங்கி நிற்றல் ஆகிய எதுவும் இதில் இல்லை. 15ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் சுவாத்மாராமரின் ஹடயோகப் பிரதீபிகை இந்நிலையை ஆசனங்களுள் ஒன்றாகவே சேர்த்து, களைப்பைப் போக்கி மனத்துக்கு அமைதி தருவது எனக் குறிப்பிடுகிறது.

ஆயினும் எளிமை தோற்றத்தில் மட்டுமே உள்ளது. காண்பதற்கு எளிதான இவ்வாசனம் கைவரப் பெறுவதற்கு மிகவும் அரியது என்பதை யோக ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் 1966இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துரைத்துள்ளார். தலைகீழாக நிற்கப் பழகியவர்கள்கூட ஐந்து நிமிடம் அசையாமல் கிடக்க இயலாமல் தவிப்பதுண்டு. மூக்கின் நுனி அரிக்கும், விரல் துடிக்கும், கதவருகே கேட்கும் காலடி ஓசைக்குக் கண் திறந்துகொள்ளும். செயலாற்றப் பழகிய உடலுக்குச் செயலின்மை அயலாகிவிட்டது என்பதே இதன் பொருள்.

ஆறப் பொறுத்தல்

பயிற்சி வகுப்புகளில் அவசரக்காரர் பலர் விட்டுவிடும் பகுதியும் சவாசனமே. வியர்வை சிந்தச் செய்தவையே பயன் தருவன. படுத்துக் கிடப்பதால் ஆவதென்ன என எண்ணி அவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு புறப்படுகின்றனர். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கவில்லை என்னும் பழமொழி இவர்களுக்கு நன்கு பொருந்தும். அடுப்பிலிருந்து இறக்கிய சோறு புழுங்கி அமைவதற்குச் சற்று நேரம் வேண்டும். அந்நேரமும் சமையலின் பகுதியே.

உடலியல் இதனை உறுதிசெய்கிறது. நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் இதயத்தின் ஒரு சுழற்சிக்கு 0.8 விநாடி ஆகிறது. அதில் கீழறைகள் சுருங்கிக் குருதியை வெளியேற்றும் நேரம் ஏறத்தாழ 0.3 விநாடி, தளர்ந்து குருதியை நிரப்பிக்கொள்ளும் நேரம் ஏறத்தாழ 0.5 விநாடி. வாழ்நாள் முழுவதும் உழைக்கும் உறுப்பெனப் போற்றப்படும் இதயம், உழைப்பதைக் காட்டிலும் மிகுதியான நேரம் தளர்ந்திருக்கிறது. இதயத் தசைக்குத் தேவையான குருதியின் பெரும்பகுதி அதனைச் சென்றடைவதும் அத்தளர்வின்போதுதான். இதயம் ஓய்வெடுப்பதால் நின்றுவிடுவதில்லை. ஓய்வெடுப்பதாலேயே நிற்காமல் இயங்குகிறது.

இசையிலும் இதே நெறி உண்டு. மிருதங்கக் கலைஞர் சொற்கட்டுகளுக்கு இடையே விடும் இடைவெளியைக் கார்வை என்பர். கார்வை இல்லாத வாசிப்பில் ஓசை மிகும். ஆனால் வடிவம் புலப்படாது. இடைவிடாது படித்து, இடைவிடாது எழுதி, இடைவிடாது அடுத்த தேர்வை நோக்கி ஓடும் மாணவரின் நாள்களும் கார்வையற்ற வாசிப்பையே ஒத்திருக்கின்றன. கற்றது உள்ளே படிவதற்கு உறக்கமும் ஓய்வும் இன்றியமையாதவை. விடிய விடிய விழித்துப் படித்தவர் பக்கங்களைக் கடந்திருக்கலாம். பாடத்தைக் கடந்திருப்பார் என்பதற்கு உறுதி இல்லை.

அறியாமல் சுமப்பவை

சவாசனத்தில் கிடப்பவர் முதலில் கண்டறிவது தம் உடலில் ஒளிந்துள்ள இறுக்கத்தையே. பற்கள் காரணமின்றிக் கடித்திருக்கின்றன, புருவங்கள் நெரிந்திருக்கின்றன, தோள்கள் காதை நோக்கி உயர்ந்திருக்கின்றன. எவரோடும் சண்டையில்லாத வேளையிலும் கைவிரல்கள் பாதி மடங்கி நிற்கின்றன. இறுக்கம் இருப்பதை உணர்ந்தபின்பே அதனைத் தளர்த்த முடியும். அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருவாக்கிய படிப்படியான தசைத் தளர்வு முறையும் இவ்வடிப்படையிலேயே அமைந்தது. தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கி, பின் தளர்த்தி, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உணரச் செய்வது அம்முறை.

இவ்வாசனத்தின் பயனை மருத்துவ உலகமும் ஆராய்ந்துள்ளது. மும்பையைச் சேர்ந்த மருத்துவர் கே.கே. தாத்தேயும் அவர்தம் குழுவினரும், உயர் இரத்த அழுத்தம் உடைய 47 பேருக்குச் சவாசனப் பயிற்சி அளித்து, அதன் விளைவுகளை 1969இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். பயிற்சி பெற்றோர் பலரிடம் அழுத்தம் குறைந்ததை அக்கட்டுரை பதிவுசெய்தது. சிறிய அளவில் நிகழ்ந்த ஓர் ஆய்வை எல்லார்க்கும் பொருந்தும் முடிவாகக் கொள்ளலாகாது. மருத்துவர் தரும் மருந்துக்கு ஆசனம் மாற்றும் ஆகாது. எனினும் அசைவற்ற ஓய்வு வெறும் கிடத்தல் அன்று என்பதற்கு அது சான்றாகும்.

உடலின் இறுக்கத்தைப் போன்றே மனத்தின் இறுக்கமும் அறியாமல் சுமக்கப்படுவது. முன்னாள் நிகழ்ந்த அவமதிப்பு, பிறரோடு ஒப்பிட்டு எழும் ஏக்கம், மதிப்பெண் குறைந்துவிடுமோ என்னும் அச்சம் ஆகியவை தலைமேல் இருப்பதே தெரியாமல் தலைமேல் இருக்கின்றன. சுமப்பது தெரிந்தவரே இறக்கி வைக்க இடம் தேடுவார்.

எண்ணங்களின் நடுவே

உடல் அடங்கியதும் மனம் அடங்கிவிடும் என எதிர்பார்ப்போர் ஏமாற்றம் அடைகின்றனர். கண்களை மூடிய கணத்திலேயே எண்ணங்கள் திரண்டு வருகின்றன. இது பயிற்சியின் தோல்வி அன்று, மூளையின் இயல்பு. உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் ஓய்ந்திருக்கும் நிலையில் அதன் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைப் பயன்படுத்துகிறது. குறிப்பிட்ட பணி எதுவும் தரப்படாத வேளையில் மூளையின் சில பகுதிகள் இணைந்து சுறுசுறுப்புடன் இயங்குவதை மார்க்கஸ் ரைக்கேலும் அவர்தம் குழுவினரும் 2001இல் எடுத்துக்காட்டினர். கடந்ததை நினைத்தல், வருவதைக் கற்பனை செய்தல், தன்னைப் பற்றி எண்ணுதல் ஆகியவற்றோடு அப்பகுதிகள் தொடர்புடையவை.

எனவே எண்ணங்களை விரட்டுவது சவாசனத்தின் நோக்கம் அன்று. திண்ணையில் அமர்ந்திருப்பவர் தெருவில் போவோர் வருவோரைப் பார்ப்பதுபோல், எழும் எண்ணத்தைப் பார்த்துப் போகவிடுதலே நோக்கம். தெருவில் போகும் ஒவ்வொருவர் பின்னாலும் எழுந்து ஓடுபவர் திண்ணையில் இருப்பவர் ஆகார்.

மூக்கின் நுனியில் தோன்றும் அரிப்பும் இங்கு ஆசானாகிறது. சொறியாமல் சற்றே பொறுத்திருந்தால், அது உச்சம் தொட்டுத் தானே தணிவதைக் காணலாம். எழும் உந்துதல் அனைத்துக்கும் உடனே பணிய வேண்டியதில்லை என்பதை உடலே கற்றுக்கொள்கிறது. சினத்தில் நாவின் நுனிவரை வந்த சொல்லும் அத்தகைய உந்துதலே. ஒரு மூச்சளவு காத்திருந்தால் சொல்லாமல் விடத்தக்க சொற்கள் பல. கைப்பேசித் திரையில் கண்ட செய்திக்குக் கணப்பொழுதில் மறுமொழி எழுதி, பின் வாழ்நாள் முழுதும் வருந்துவோர் பெருகிவரும் காலத்தில், இம்மூச்சளவு இடைவெளியின் மதிப்பு மிகப் பெரிது.

சோம்பல் அன்று

ஓய்வைப் போற்றுவது சோம்பலை வளர்க்காதோ என்னும் ஐயம் எழுவது இயல்பு. மடியின்மைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் பிறந்த மண்ணில் அவ்வையம் புறக்கணிக்கத்தக்கதும் அன்று. ஆனால் அதே வள்ளுவர் காலமறிதல் அதிகாரத்தில் கொக்கினை உவமையாக்குகிறார். நீர்நிலையின் ஓரத்தில் ஒடுங்கி நிற்கும் கொக்கு சோம்பியிருக்கவில்லை. அதன் அசைவின்மைக்குள் முழுக் கவனம் விழித்திருக்கிறது. உரிய நொடியில் பாயும் அதன் விரைவு, அவ்வசைவின்மையிலிருந்தே பிறக்கிறது.

சோம்பல், செய்ய வேண்டியதிலிருந்து நழுவுவது. அசைவற்றிருத்தல், செய்ய வேண்டியதற்குத் தன்னைத் திரட்டிக்கொள்வது. சோம்பலில் அறிவு மங்குகிறது. நிலைத்திருத்தலில் அறிவு தெளிகிறது. கைப்பேசியைத் தடவிக்கொண்டு கழியும் ஒரு மணி நேரத்தில் உடல் கிடக்கிறது, மனமோ ஓடிக்கொண்டிருக்கிறது. அது ஓய்வும் அன்று, உழைப்பும் அன்று.

இவ்வாசனத்தின் பெயரிலும் ஒரு பாடம் உண்டு. சவம் என்னும் சொல்லுக்கு அஞ்சி இதனைச் சாந்தி ஆசனம் என வழங்குவோரும் உளர். அஞ்சத் தேவையில்லை. தரையில் கிடக்கும்போது முதல் மதிப்பெண் பெற்றவரும் கடைசி இடம் பெற்றவரும் ஒரே உயரத்தில் இருக்கின்றனர். பட்டமும் பதவியும் பாயின் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றன. எல்லாவற்றையும் ஒருநாள் இறக்கி வைக்க வேண்டியவர்கள், அவற்றைச் சில நிமிடங்கள் இறக்கி வைத்துப் பார்ப்பது பணிவைக் கற்பிக்கும்.

அனைவருக்கும் உரிய ஓய்வு

ஓய்வின் பெருமையைப் பேசுவோர் எதிர்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு. படுத்து இளைப்பாற எல்லார்க்கும் இயலுமா? துணிக்கடையில் பகல் முழுதும் நின்றே பணியாற்றும் இளம்பெண்ணுக்கும், விடியுமுன் எழுந்து அனைவரும் உறங்கியபின் படுக்கும் தாய்க்கும் அமைதியைப் பற்றி அறிவுரை கூறுவது எளிது. அவர்களுக்குத் தேவை அறிவுரை அன்று. அமர ஓர் இருக்கையும் பகிர்ந்துகொள்ள ஒரு கையும் ஆகும்.

தமிழகம் இதனை உணர்ந்த தருணங்கள் உண்டு. எட்டு மணி நேர உழைப்பு என்னும் கோரிக்கையோடு பிணைந்த மே நாளை இந்தியாவில் முதன்முதலாக 1923இல் சென்னையில் கொண்டாடியவர் சிங்காரவேலர். கடைகளிலும் நிறுவனங்களிலும் பணியாற்றுவோர் பணி நேரம் முழுதும் நின்றுகொண்டே இருக்கும் நிலையை மாற்ற, அவர்களுக்கு இருக்கை வசதி அளிக்க வேண்டும் எனத் தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவரப்பட்டது. உட்காருவதற்கும் ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஓய்வின் அருமையைத் தன் உடலில் உணர்ந்தவர், பிறர் களைப்பையும் உணர்வார். பாயில் கிடந்து எழுந்த மாணவர் தாம் உண்ட தட்டைத் தாமே கழுவி வைத்தால், அவ்வீட்டில் ஒருவருக்குச் சில நிமிட ஓய்வு கிடைக்கும். அவ்வாறு கிடைக்கச் செய்யாத யோகம் தன்னலத்தின் மற்றொரு வடிவமாகவே எஞ்சும்.

எழுதல்

சவாசனத்திலிருந்து எழுவதற்கும் முறை உண்டு. துள்ளி எழலாகாது. விரல்களை மெல்ல அசைத்து, முழங்கால்களை மடக்கி, வலப்புறம் ஒருக்களித்துச் சற்றே இருந்து, கையூன்றி அமர வேண்டும். பெற்ற அமைதியைச் சிந்தாமல் அடுத்த செயலுக்கு எடுத்துச் செல்வதற்கான பயிற்சி அது.

எழுந்தபின் உலகம் மாறியிருப்பதில்லை. தேர்வு அதே நாளில் வரும். கடமைகள் அதே இடத்தில் காத்திருக்கும். சுமைதாங்கிக் கல்லும் எவருடைய சுமையையும் குறைத்ததில்லை. சுமப்பவரின் கழுத்தை நிமிர்த்தி, மூச்சைச் சீராக்கி, எஞ்சிய வழியை நடக்கச் செய்தது. அசைவின்றிக் கிடக்கும் சில நிமிடங்கள் மனிதருக்குச் செய்வதும் அதுவே. அவற்றை நாள்தோறும் தனக்கென ஒதுக்கக் கற்பது நல்லது. தன் வழியில் நடந்து வரும் மற்றவருக்கும் அத்தகைய கல்லொன்றை நட்டு வைப்பது அதனினும் நல்லது.