92 எம்பியில் ஒரு கோலம்

அன்பு வாசகர்களுக்கு,

மார்கழிச் சிறப்பிதழ் அச்சாகி வந்த அன்றே, வெளியூரில் இருக்கும் உங்களுக்குப் பிடிஎஃப்பும் அனுப்பிவிட்டோம். கயத்தாற்றில் மழை விட்டு, கரிசல் காட்டில் உளுந்தும் பாசியும் காய் பிடித்துக்கொண்டிருந்த வாரம். மறுநாள் விடிந்ததும் முதல் போன். “அண்ணாச்சி, புஸ்தகம் எறங்கவே மாட்டேங்கு. ராத்திரி தொட்டது, இன்னும் சுத்திக்கிட்டே கெடக்கு.” ஊரைச் சுற்றி நிற்கும் காற்றாலை போதாதென்று அவர் போனுக்குள்ளும் ஒன்றைச் சுற்ற விட்டிருக்கிறோம். 64 பக்கம், 92 எம்பி!

அவசரத்தில் செய்ததுதான் பெரிய தப்பு. பக்கம் பக்கமாக ஜேபெக் படமாக்கி, அவற்றைக் கோத்து மறுபடி பிடிஎஃப் ஆக்கினோம். 5 எம்பிக்கு வந்துவிட்டது. அதை அனுப்பிவிட்டு, எங்களை நாங்களே மெச்சிக்கொண்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தால் எட்டயபுரத்து அக்கா ஒருவரின் குரல்பதிவு: “தம்பி, கோலத்தப் பெருசாக்கிப் பாத்தா மழையில நனைஞ்ச வாசல் மாதிரி இருக்கு. எந்தக் கம்பி எந்தப் புள்ளியச் சுத்துதுன்னே தெரியல.”

அக்கா சொன்னது அத்தனையும் சரி. கோலப் பக்கத்தின் தலையில் நாம் என்ன போடுகிறோம்? “15 புள்ளி, ஊடுபுள்ளி, 8-ல் நிறுத்தவும்.” நடுவரிசையில் 15 வைத்து இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு போனால் மொத்தம் 169 புள்ளி விழும். தெருவடைத்துப் போட்டாலும் நோட்டுத்தாளில் போட்டாலும் அது அதே கோலம்தான். கணினியில் வெக்டார் படம் என்பதும் இப்படி ஒரு குறிப்புதான். இங்கே தொடங்கு, இப்படி வளை, அங்கே முடி என்று மட்டும் எழுதியிருக்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் கணினி அதைப் புதிதாக வரைந்து காட்டும். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதிக் காட்டிய ஆய்வு 1974-லேயே வந்துவிட்டது. நம் பாட்டிமாருக்கு அதற்கும் முன்பே தெரியும். அவர்கள் கட்டுரை எழுதவில்லை.

போட்டோவின் கதை வேறு. கோலம் எது, சாணம் தெளித்த தரை எது என்று அதற்குத் தெரியாது. லட்சக்கணக்கான கட்டங்களைப் போட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் குறித்து வைத்திருக்கும். நாங்கள் முதலில் செய்த வேலை, வரைந்த கோலத்தையும் எழுத்தையும்கூடக் கட்டங்களாக்கியதுதான்.

பிறகு நிதானமாகக் கோப்பைப் பிரித்துப் பார்த்தோம். பாரம் கோலத்தில் இல்லை. கட்டபொம்மன் நினைவிடத்தைப் பற்றிய படக்கட்டுரையில் தீப்பெட்டி அளவுக்கு அச்சாகும் படம்கூட, கேமராவிலிருந்து வந்த முழு அளவில் உள்ளே உட்கார்ந்திருந்தது. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். போனில் படிக்க 150 போதும். கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இலவச மென்பொருளில் ‘இபுக்’ என்ற அமைப்பு இருக்கிறது. அது போட்டோக்களை 150-க்கு இறக்கும், கோடுகளைக் கோடுகளாகவே விட்டுவைக்கும். கோடுகளும் பிடிஎஃப்புக்குள் இறுக்கித்தான் வைக்கப்படுகின்றன. ஆனால் அது பஞ்சைப் பேலாக அழுத்துகிற மாதிரி. பிரித்தால் ஒரு இழை குறையாது. ஜேபெக் அப்படியல்ல, குத்திப் புடைத்த கம்பு. உமி போனது போனதுதான்.

அடுத்து எழுத்து. அச்சகத்தில் தமிழ் எழுத்துரு மாறிக் குழம்பிவிடக் கூடாது என்று “கர்வ் பண்ணி அனுப்புங்க” என்பார்கள், அதாவது எழுத்தை வெறும் வளைகோடுகளாக மாற்றி. அவர்கள் பயம் நியாயமானது. ஆனால் எழுத்துருவை அப்படியே உள்ளே வைத்தால் ‘க’வின் வடிவம் ஒரு தடவைதான் பதிவாகும். கர்வ் ஆக்கினால் இதழில் எத்தனை ‘க’ உண்டோ அத்தனை தடவையும் அதன் வளைவுகள் தனித்தனியே எழுதப்படும். கோப்பு கனக்கும், சொல்லைத் தேடவும் முடியாது. இனி அச்சகத்துக்கு ஒரு கோப்பு, உங்களுக்கு ஒரு கோப்பு.

கடைசியில் ஒரே ஒரு கோலம் மட்டும் முரண்டு பிடித்தது. வெக்டார்தான், ஆனாலும் கனம். வாசகர் அனுப்பிய போட்டோவைக் கணினியே தானாகக் கோடாக்கட்டும் என்று விட்டிருந்தோம். மாவு சிந்திய ஒவ்வொரு பிசிறையும் அது சிரத்தையாகச் சுற்றி வரைந்து ஆயிரக்கணக்கான முனைகளை வைத்திருந்தது. எங்கள் வடிவமைப்பாளர் அதை அழித்துவிட்டுப் புள்ளி வைத்துக் கையால் இழுத்தார். அரை மணி நேர வேலை.

இப்போது இதழ் 7 எம்பி. கூடவே வரும் கோப்பைத் திறந்து 23-ஆம் பக்கத்துக் கோலத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிப் பாருங்கள். கம்பி எங்காவது மங்கினால் பக்க எண்ணோடு சொல்லுங்கள். எட்டயபுரத்து அக்கா பார்த்துவிட்டு, “இப்பதான் போட முடியுது” என்றார். போட்ட கோலத்தின் படத்தையும் அனுப்பினார்.

தை இதழுக்குக் கோலம் அனுப்புகிறவர்கள் போட்டோவோடு நிறுத்தாமல், எத்தனை புள்ளி, நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா, எதில் நிறுத்த வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். மற்றதை நாங்கள் வரைந்துகொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்