ஐந்து ஸ்டாருக்கு ஓர் ஊஞ்சல்

என் மகனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம். அவன் போகும் சிறப்புப் பள்ளியின் சுவரில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு ஸ்டார் அட்டை இருக்கிறது. கையை ஆட்டாமல் பத்து நிமிடம் உட்கார்ந்தால் ஒரு ஸ்டார். ஐந்து சேர்ந்தால் ஊஞ்சல். போன மாதம் ஒருநாள் கூப்பிடப் போனபோது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சலையே பார்த்துக்கொண்டு நின்றான். "இன்னிக்கு மூணுதான் சார் வாங்கினான், நாளைக்குப் பாக்கலாம்" என்றார் டீச்சர். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஊஞ்சல் அவனுக்கு மிட்டாய் இல்லை. கொஞ்ச நேரம் ஆடினால்தான் அவன் உடம்பு ஒரு நிலைக்கு வரும், அப்புறம்தான் உட்காரவே முடியும். உட்கார்ந்தால்தான் ஊஞ்சல் என்பது, மூச்சை அடக்கிக் காட்டு, காற்று தருகிறேன் என்பது மாதிரி.

பரிசே கூடாது என்று சொல்ல வரவில்லை. பேச்சு வராத பிள்ளை தண்ணீர்ப் படத்தை எடுத்து முதல்முறை நீட்டியபோது நானும் கைதட்டிக் குதித்தவன்தான். அங்கே தண்ணீரே பரிசு. ஆனால் கையை ஆட்டாமல் இருந்து அவனுக்கு என்ன கிடைக்கிறது? வகுப்பு பார்க்க அடக்கமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். சம்பளம் அவனுக்கு, லாபம் நமக்கு.

1960களில் அமெரிக்காவின் இல்லினாய் மாநில மனநல மருத்துவமனை ஒன்றில் அய்லான், அஸ்ரின் என்ற உளவியலாளர்கள் இந்த டோக்கன் முறையை நடத்திக் காட்டினார்கள். வேலை செய்த நோயாளிகள் டோக்கன் கொடுத்து, விரும்பிய படுக்கையறையையும் வெளியே நடந்துவரும் அனுமதியையும் வாங்கிக்கொள்ளலாம். 1972இல் அலபாமாவில், வயட் வழக்கில் தீர்ப்பளித்த நீதிபதி ஃபிராங்க் ஜான்சன், படுக்கை, சாப்பாடு, அந்தரங்கம், திறந்தவெளியில் உடற்பயிற்சி எல்லாம் நோயாளியின் உரிமை என்று பட்டியலிட்டார். உரிமையை எப்படிப் பரிசாக விற்பது? ஐம்பது வருடம் கழித்து நாம் ஊஞ்சலை விற்றுக்கொண்டிருக்கிறோம்.

ஸ்டார் அட்டை வைத்திருப்பவர்களைக் கேட்கிறேன். உங்கள் பரிசுப் பட்டியலில் இடைவேளை இருக்கிறதா? அம்மா மடி இருக்கிறதா? அவன் கட்டிப்பிடித்துத் தூங்கும் துணி இருக்கிறதா? முதலில் அதையெல்லாம் எடுங்கள்.

டீச்சரிடம் இதைச் சொன்னேன். "அப்புறம் எதைக் காட்டி உட்கார வைக்கறது சார்? பன்னண்டு பிள்ளைங்க, நான் ஒருத்தி" என்றார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது இன்னொரு ஆளைப் போடாத நிர்வாகம், என் மகன் இல்லை.

காலையில் வந்ததும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பத்து நிமிடம் ஊஞ்சல், அட்டையில் என்ன இருந்தாலும் சரி என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.